ஐயம் இடுவோரின் ஐயம்
மணிமேகலையின் ஆபுத்திரன் கதையை முன்வைத்து ஒரு திறனாய்வு

தமிழில் 'ஐயம்' என்னும் சொல் இரு பொருள் தரும். இரப்போர்க்கு இடும் உணவு ஒரு பொருள். மனத்தில் எழும் சந்தேகம் மற்றொரு பொருள். ஔவையார் ஆத்திசூடியில் முதற்பொருளில் அச்சொல்லை ஆண்டார். திருவள்ளுவர் இரண்டாம் பொருளில் அதனைப் பல இடங்களில் ஆண்டார். ஒன்றோடொன்று தொடர்பில்லாதவைபோல் தோன்றும் இவ்விரு பொருள்களும் நெருங்கி வந்து நிற்கும் நாள் ஒன்று உண்டு. எங்கோ ஓர் அயல்நாட்டில் நிலநடுக்கமோ புயலோ பேரலையோ நேர்ந்து, அதற்கென ஊர்தோறும் உண்டியல் வைக்கப்படும் நாளே அது. கொடுக்க வந்தவரின் கை உண்டியலருகே ஒரு கணம் தயங்குகிறது. "இது போய்ச் சேருமா?" என்னும் வினா எழுகிறது. ஐயம் இட வந்தவரையே ஐயம் பற்றிக்கொள்கிறது.

இத்தயக்கத்தைக் கருமித்தனம் என்று இகழ்வோர் உண்டு. உலகறிவு என்று போற்றுவோரும் உண்டு. இரண்டும் முழு உண்மையல்ல. இவ்வினாவைத் தமிழ்க் காப்பியம் ஒன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுப்பி, அதற்கு ஒருவகை விடையும் கூறியுள்ளது. கடல் கடந்த நாட்டின் பஞ்சத்திற்கு உணவு கொண்டு செல்லப் புறப்பட்டு, வழியிலேயே மடிந்த ஒருவனின் வரலாறு சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் இருக்கிறது. அவனே ஆபுத்திரன்.

கதை

ஆபுத்திரனுக்கு மதுரையில் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தை அளிக்கிறாள். அதனைக் கொண்டு அவன் பசித்தோர்க்கெல்லாம் உணவிடுகிறான். அவன் அறத்தின் வலிமையால் இந்திரனின் இருக்கை நடுங்குகிறது. முதிய அந்தணன் வடிவில் வந்த இந்திரனை அவன் நகைத்து ஒதுக்குகிறான். சினங்கொண்ட இந்திரன், மழையின்றி வாடிய பாண்டிநாட்டில் மழை பெய்விக்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவரே இல்லாமற் போகின்றனர். கொடுப்பவன் இருக்கிறான், பாத்திரமும் இருக்கிறது, ஏற்பவர் இல்லை.

ஊர் ஊராக அலைந்த ஆபுத்திரனிடம், கப்பலிலிருந்து இறங்கிய சிலர் ஒரு செய்தி கூறுகின்றனர். சாவக நாட்டில் மழை பொய்த்ததால் உயிர்கள் மடிகின்றன என்பதே அச்செய்தி. சாவகம் என்பது யாவாவைக் குறிப்பது என்பர். உடனே அவன் கப்பல் ஏறுகிறான். கப்பல் காற்றின் கொடுமையால் மணிபல்லவத் தீவில் ஒரு நாள் தங்குகிறது. அவன் தீவில் இறங்குகிறான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று எண்ணி, இருளில் பாய் விரித்துக் கப்பல் சென்றுவிடுகிறது.

ஆளில்லாத தீவில், உலகுக்கே உணவூட்டவல்ல பாத்திரத்துடன் அவன் தனித்து நிற்கிறான். பல உயிர்களைக் காக்கும் பாத்திரத்தைக் கொண்டு தன் ஓருயிரை மட்டும் காத்துக்கொள்வதை அவன் உள்ளம் பொறுக்கவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் மேலெழுந்து, அருளறம் பூண்டோர் வந்தால் அவர் கையில் சேர்க என்று கூறிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான்.

எங்கே முறிந்தது?

வகுப்பறையில் இப்பகுதி பெரும்பாலும் அமுதசுரபியின் அற்புதமாகவோ, ஆபுத்திரனின் கருணைக்குச் சான்றாகவோ சொல்லப்பட்டுக் கடந்துபோகும். ஆனால் சாத்தனார் கதையை அமைத்திருக்கும் முறையை நோக்கினால் வேறொன்று புலப்படும். கொடுப்பவனிடம் குறையில்லை. கொடைப்பொருளிலும் குறையில்லை, அது வற்றாதது. ஏற்பவரின் தேவையும் பொய்யில்லை; சாவகத்தில் உண்மையாகவே உயிர்கள் மடிந்தன. முறிந்தது இடைவழியில். அங்கும் கள்வர் எவரும் இல்லை. பொருளைப் பதுக்கிய தீயோர் இல்லை. ஏறினானா என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வளவே நேர்ந்த பிழை. அந்த ஒரு பிழைக்காக ஒரு நாடு பசியோடு காத்திருந்தது.

இக்காலத்து உதவிப் பணிகளின் தோல்வியும் பெரும்பாலும் இவ்வகையினதே. 2010 ஜனவரி 12ஆம் நாள் ஹைத்தி நாட்டை நிலநடுக்கம் அழித்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் மட்டும் ஏறத்தாழ 50 கோடி டாலர் நன்கொடை குவிந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 2015இல், புரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனமும் அமெரிக்கத் தேசியப் பொது வானொலியும் ஆராய்ந்து வெளியிட்ட செய்தி உலகைத் திடுக்கிடச் செய்தது. அச்சங்கம் அங்குக் கட்டிய நிலையான வீடுகள் ஆறே ஆறு என்றது அச்செய்தி. சங்கம் மறுத்தது. பழுதுபார்த்தல், வாடகை உதவி, தற்காலிக இல்லங்கள் முதலியவற்றால் இலட்சத்திற்கு மேற்பட்டோர்க்கு உறைவிடம் கிடைக்க உதவியதாக விளக்கம் தந்தது. அவ்விளக்கத்தை ஒப்புக்கொண்டாலும், குறைகள் எங்கே இருந்தன என்பது மறைவதில்லை. நிலத்தின் உரிமை யாருடையது என்று தெளிவாகவில்லை. நாட்டு மக்களின் மொழி தெரியாத அயலார் பலர் பணிகளை நடத்தினர். ஒரு நிறுவனம் மற்றொன்றுக்குப் பணத்தைக் கொடுக்க, கைமாறிய இடந்தோறும் ஒரு பங்கு நிர்வாகச் செலவாகக் கழிந்தது. திருடியவர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படுவதில்லை. எண்ணிப் பாராதவர் யார் என்று தேடினால் பலர் அகப்படுவர்.

உதவ வந்தவரே துன்பம் விளைத்த நிகழ்ச்சியும் அங்கு உண்டு. அதே ஆண்டு அக்டோபரில், ஐக்கிய நாட்டு அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவுநீரால் ஹைத்தியில் வாந்திபேதி பரவிற்று. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். ஐக்கிய நாட்டுத் தலைமைச் செயலாளர் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்தான். இத்தகைய செய்திகளைப் படித்த ஒருவர் அடுத்த உண்டியலின்முன் தயங்கினால், அவரைக் குறைகூற எவருக்கு உரிமை உண்டு?

பாத்திரம் அறிதல்

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது தமிழர் வழங்கும் பழமொழி. பாத்திரம் என்பதற்கு இங்கே தகுதியுடையவர் என்று பொருள் கொள்வர். ஏற்பவரின் தகுதியை ஆராய்ந்து கொடு என்பதே வழக்கமான விளக்கம். வாசலில் வந்து நிற்பவருக்கு இடும் பிச்சைக்கு அவ்விளக்கம் பொருந்தலாம். கடல் கடந்து செல்லும் கொடைக்கு அது பொருந்தாது. இடிபாட்டில் சிக்கிய குழந்தையின் தகுதியை எவர் ஆராய்வது? அங்கே அறியவேண்டிய பாத்திரம், கொடையைச் சுமந்து செல்லும் கலமாகிய நிறுவனமே. ஏற்பவரை ஐயுறுவது ஈகைக்குப் பகை. சுமப்பவரை ஆராய்வது ஈகைக்குத் துணை. பொதுமக்களின் பேச்சில் இவ்விரண்டும் பெரும்பாலும் கலந்தே வழங்குகின்றன. அக்கலப்பே குழப்பத்திற்கு வித்து.

சுமக்கும் பாத்திரம் தன்னையே நிரப்பிக்கொண்ட நிகழ்ச்சியைச் சிங்கப்பூர் மக்கள் மறக்கவில்லை. அது உள்நாட்டு அறப்பணியே எனினும், கொடுப்போர் மனத்தில் விட்டுச்சென்ற வடு ஒன்றே. 2005 ஜூலையில் தேசியச் சிறுநீரக அறநிறுவனம் ஒரு நாளிதழ் நிறுவனத்தின்மீது தொடுத்த அவதூறு வழக்கு நீதிமன்றத்திற்கு வந்தபோது, அதன் தலைமை நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் வெள்ளி பெற்றார் என்பது வெளிப்பட்டது. தங்கமுலாம் பூசிய குழாய் ஒன்று ஊரெங்கும் பேச்சாயிற்று. மாதந்தோறும் கொடுத்துவந்த ஆயிரக்கணக்கானோர் தங்கள் நன்கொடையை நிறுத்தினர். பல உயிர்க்குரிய பாத்திரத்தால் தன்னுயிர் ஓம்ப மறுத்த ஆபுத்திரனை இதன் அருகே நிறுத்திப் பார்த்தால், அவன் பெருமை வானளாவ உயரும்.

எனினும் ஆபுத்திரன் செய்தது சரியா? இவ்வினாவைக் கேட்பது புனிதத்தைப் பழிப்பது ஆகாது. ஏனெனில் கேட்பவர் சாத்தனாரே.

காப்பியத்தின் தீர்ப்பு

ஆபுத்திரன் மறுபிறவியில் சாவக நாட்டிலேயே புண்ணியராசன் என்னும் அரசனாகிறான். மணிமேகலை அவனை மணிபல்லவத்திற்கு வரச்செய்கிறாள். அங்கே தீவதிலகை மணலைத் தோண்டச் செய்து அவனது முற்பிறவி எலும்பைக் காட்டுகிறாள். அதனோடு நில்லாமல் வேறு எலும்புகளையும் காட்டுகிறாள். அவனை விட்டுச் சென்றதை உணர்ந்து, அவனைத் தேடித் திரும்பி வந்த வணிகர் ஒன்பதின்மரின் எலும்புகள் அவை. அவன் இறந்தது கண்டு அவர்களும் அங்கேயே உயிர் விட்டனர். அவ்வணிகரை நம்பி உண்டு உடன்வந்தோரும் மடிந்தனர். உன்னுயிரையும் கொன்றாய், உனக்கு இரங்கி வந்த பிறர் உயிரையும் கொன்றாய், அரசனாகிய நீ கொலைஞன் அல்லையோ என்னும் கருத்துப்பட அத்தெய்வம் அவனை வினவுகிறது.

அறத்தின் வடிவமாகப் போற்றப்பட்டவனைக் காப்பியம் இவ்வாறு கூண்டில் நிறுத்துவது வியப்புக்குரியது. இதனை வினைப்பயன் கூறும் பௌத்தக் கோட்பாட்டின் ஒரு கூறாக மட்டும் கொள்வது போதாது. பாத்திரத்தைச் சுமப்பவன் தான் உண்டிருந்தால் உயிரோடிருந்திருப்பான். வணிகர் திரும்பி வந்த கப்பலில் ஏறியிருப்பான். அமுதசுரபி சாவகம் சென்றிருக்கும். தன்னைத் துறந்த அவன் தூய்மை, பசித்தோரையும் துறந்துவிட்டது. வணிகரோ எண்ணிப் பார்த்தனர்; காலங்கடந்து எண்ணினர்.

இக்கால நன்கொடையாளர் பலர் ஒவ்வொரு நிறுவனமும் ஆபுத்திரனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர். கொடுத்த வெள்ளியில் ஒரு காசும் நிர்வாகத்திற்குச் செல்லலாகாது என்கின்றனர். கப்பல் வேண்டும், மாலுமி வேண்டும், கிடங்கு வேண்டும், கணக்கர் வேண்டும், ஊர்மொழி அறிந்த பணியாளர் வேண்டும். இவற்றிற்கு எவர் பணம் தருவது? நிர்வாகச் செலவே இல்லை என்று பறைசாற்றும் நிறுவனம் ஒன்று அதனை மறைக்கிறது, அல்லது ஏறினானா என்று எண்ணிப்பார்க்கவும் ஆளின்றி இயங்குகிறது. செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்பது அரைகுறை ஐயம். அச்செலவு எதற்கு, அதனால் எத்தனை பேர்க்கு என்ன கிடைத்தது என்று கேட்பதே நிறைவான ஐயம்.

அறத்தை விற்போர்

கொடுப்பவரின் உள்நோக்கம் பற்றியும் ஐயம் எழுவதுண்டு. அதற்கும் அடிப்படை இல்லாமலில்லை. கைம்மாறு செய்யவல்லவர்க்குக் கொடுப்பதை அறத்தை விலைக்கு விற்பதாகவே மணிமேகலை கருதுகிறது. புறநானூற்றில் ஆய் வள்ளலை முடமோசியார் பாடும்போது, மறுமைப் பயன் கருதிக்கூட அவன் கொடுப்பவனல்லன் என்று சொல்லி அறவிலை வணிகத்தை இழித்துரைக்கிறார்.

வல்லரசுகளின் உதவியில் இவ்வணிகம் நெடுங்காலமாக உண்டு. அமெரிக்கா 1954இல் இயற்றிய பொதுச்சட்டம் 480 தன் உழவரின் மிகுதித் தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப வழிசெய்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து இந்தியா அத்தானியத்தை நம்பியிருந்தபோது, குடியரசுத் தலைவர் ஜான்சன் கப்பல்களைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். வேளாண்மைக் கொள்கையை மாற்றச் செய்வதும், வியட்நாம் போரைப் பற்றிய இந்தியாவின் பேச்சை அடக்குவதும் அவர் கருத்தில் இருந்தன. கோடிக்கணக்கானோர் உணவு கப்பலை எதிர்நோக்கிக் கிடந்தது. ஹைத்தியிலோ, இறக்குமதி வரி குறைக்கப்பட்டு மலிவான அமெரிக்க அரிசி வந்து குவிந்ததால் நாட்டு நெல்லுழவர் நலிந்தனர். தம் அரசின் கொள்கை தம் மாநில உழவர்க்குப் பயன்பட்டதேயன்றி ஹைத்திக்குப் பயன்படவில்லை என்று முன்னாள் தலைவர் கிளின்டன் 2010 மார்ச்சில் செனட் குழு ஒன்றின்முன் வருந்தி ஒப்புக்கொண்டார்.

அரசுகள் மட்டுமல்ல, தனிமனிதரும் இக்குறைக்கு விலக்கல்லர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கடலோரச் சாலைகளில் பழந்துணி மூட்டைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. சுமத்திராவின் ஆச்சே பகுதிக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்து வந்தது. அதில் பெரும்பகுதியின் உறையில் ஊரார்க்குப் புரியாத மொழி எழுதப்பட்டிருந்தது. வீட்டில் இடம் அடைத்ததை வெளியேற்றிவிட்டு அதனைக் கொடை என்று கூறுவது ஈகையாகாது. அனுப்பியவர் மனநிறைவு பெற்றார். பெற்றவர் அவற்றை அப்புறப்படுத்தும் பாரத்தைப் பெற்றார்.

வழி சீர்பட்ட இடம்

குறைகளை மட்டும் அடுக்கினால் திறனாய்வு நேர்மை இழக்கும். அதே ஆச்சேயில் வழி சீர்பட்ட வரலாறும் உண்டு. இந்தோனேசியாவில் ஏறத்தாழ 1 இலட்சத்து 67 ஆயிரம் பேர் மாண்டோ காணாமற்போயோ இருந்தனர். அந்நாட்டு அரசு 2005 ஏப்ரலில் ஆச்சே, நியாஸ் சீரமைப்புக்கென நான்காண்டுக் காலவரையறையுடன் ஒரு தனி அமைப்பை நிறுவி, குந்தோரோ மங்குசுப்ரோதோ என்பவரைத் தலைவராக்கியது. ஊழலைத் தடுக்கும் பிரிவு அவ்வமைப்பினுள்ளேயே இருந்தது. பல நாட்டு நிறுவனங்கள் எங்கே எதைக் கட்டுகின்றன என்பதை அது ஒருங்கிணைத்தது. குறைகள் நேராமல் இல்லை. ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2006இல் பண முறைகேடு பற்றி அறிந்து, அங்குத் தன் பணியின் ஒரு பகுதியை நிறுத்தி விசாரணை நடத்தியது. இருந்தும் 2009இல் அவ்வமைப்பு கலைக்கப்பட்டபோது ஏறத்தாழ 1 இலட்சத்து 40 ஆயிரம் வீடுகள் எழுந்திருந்தன.

அப்பேரலையின்போதே மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. எல்லை கடந்த மருத்துவர் சங்கம், பேரலை நேர்ந்த சில நாள்களிலேயே, அப்பணிக்குப் போதிய பணம் வந்துவிட்டது, இனி அதற்கென அனுப்பவேண்டாம் என்று அறிவித்தது. மிகுந்த பணத்தை வேறு துன்பங்களுக்குச் செலவிட, கொடுத்தவரிடம் இசைவு கேட்டது. மிகப் பலர் இசைந்தனர். நன்கொடை வேண்டாம் என்று சொல்லவும் ஒரு நிறுவனத்திற்கு வாய் உண்டு என்பதை உலகம் அன்று அறிந்தது. ஐயத்தைப் போக்கும் மருந்து உண்மையே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மணிமேகலையும் இவ்வழியே செல்கிறாள். பாத்திரம் கிடைத்ததும் அவள் ஓடிப்போய் உணவிடத் தொடங்கவில்லை. அறவண அடிகளிடம் சென்று அதன் வரலாற்றைக் கேட்டறிகிறாள். முன்னவன் எங்கே தவறினான் என்பது அவளுக்குத் தெரியும். ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்கிறாள். பசித்தோர் கூடும் உலக அறவிக்குச் செல்கிறாள். அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். பின்னர்ப் பஞ்சம் வாட்டிய காஞ்சிக்குச் சென்றபோது, அந்நகரத்து மன்னன் அவளுக்கு இடமும் சோலையும் பொய்கையும் அமைத்துத் தருகிறான். ஆபுத்திரன் தனியனாகக் கப்பலேறினான். மணிமேகலை ஊராரையும் ஊராள்வோரையும் துணைகொண்டாள். அமுதசுரபி இருவர் கையிலும் ஒன்றே.

சாக்காகும் ஐயம்

இவ்வளவும் ஆராய்ந்து கேட்போரின் ஐயத்தைப் பற்றியது. கொடாமைக்குச் சாக்காக வரும் ஐயம் வேறு. அதற்குக் கணக்குக் காட்டினாலும் நிறைவில்லை. அமெரிக்கரிடம் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளில், அரசின் செலவில் அயல்நாட்டு உதவிக்குச் செல்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்பது சராசரி விடையாக வந்தது. உண்மையிலோ அது நூற்றில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. இல்லாத ஊதாரித்தனத்தை இருப்பதாக நம்பிய மனங்களில் ஐயம் எளிதில் வேரூன்றும். 1961இல் தோன்றிய அமெரிக்க அரசின் அனைத்துலக வளர்ச்சி முகவை, 2025 ஜூலை 1ஆம் நாளோடு தன் உதவிப் பணிகளை நிறுத்தியது. எஞ்சியவை வெளியுறவுத் துறையிடம் சென்றன. வீண்செலவும் மோசடியும் நிகழ்ந்தன என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் தலையாயது. குறையுள்ள கப்பலைச் செப்பனிடுவது ஒன்று. கரையில் பசித்தோர் காத்திருக்கக் கப்பலையே உடைப்பது வேறொன்று.

இவ்விரு ஐயங்களையும் பிரித்தறிவது கடினமன்று. விடை கிடைத்தபின் கை நீளுமானால் அது ஆராயும் ஐயம். விடை கிடைத்தபின்னும் மற்றொரு வினா புறப்படுமானால் அது சாக்கு. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் நீங்காத துன்பம் தரும் எனத் தெரிந்துதெளிதல் அதிகாரம் அரசனுக்குக் கூறியது உண்டியலின்முன் நிற்கும் குடிமகனுக்கும் பொருந்தும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அதில் அளக்கவும் சொல்லியிருக்கிறது, போடவும் சொல்லியிருக்கிறது.

ஆபுத்திரன் கதையைப் பாடமாகச் சொல்லும் ஆசிரியர், அமுதசுரபியின் வியப்போடு நிறுத்தாமல் மணிபல்லவத்தின் அந்த இருள் நிறைந்த இரவிலும் சற்று நிற்பது நலம். ஏறினானா என்று கேட்க அன்று ஒருவர் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று மாணவரை வினவலாம். அவ்வாறு கேட்கப் பழகிய மாணவர், நாளை எங்கேனும் ஒரு நாடு நடுங்கும்போது உண்டியலில் காசு போடுவர். போட்டுவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்பர்.